புயலுக்கு முந்தின சாயங்காலம்

நான் எழுதிய நாவல்களில் இரண்டாவது ஒரு புயலோடு முடிகிறது. அந்தப் புயல் வந்தே தீரவேண்டியிருந்தது. கதாநாயகியின் மாமன் சாகாமல் கதை முடியாது. அவனை எப்படிச் சாகடிப்பது என்று எனக்குப் புலப்படவில்லை. விஷம் பழைய சமாசாரம். பஸ் விபத்து அதைவிடப் பழையது. ஆகவே அவனை ராமேஸ்வரத்துக்கு யாத்திரை அனுப்பி, 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாஸஞ்சர் வண்டியில் ஏற்றிவிட்டேன். வாசகர்கள் அந்த அத்தியாயத்தைப் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் பாராட்டவில்லை.

அவர் தங்கச்சிமடத்தில் இருக்கும் ஒரு பெரியவர். நான்கு பக்கம் கடிதம் எழுதியிருந்தார். அதன் சாரம் இதுதான்:

‘உங்கள் புத்தகத்தில் அன்று காலையிலிருந்தே யாருக்கும் மனசு சரியில்லை. காக்கை கரைகிறது. நாய் ஊளையிடுகிறது. ரயில் ஏறுகிறவர் ஊர் இருக்கும் திசையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். எனக்கு அப்போது பத்து வயசு. பரீட்சை முடிந்து ராமநாதபுரத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். எங்கள் வீடு தனுஷ்கோடியில். கிறிஸ்துமஸுக்கு எனக்குச் சட்டைத் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்திருப்பதாக அம்மா அத்தைக்குக் கடிதாசி எழுதியிருந்தாள். வளர்கிற பிள்ளை, இரண்டு விரற்கடை தாராளமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாள். உங்கள் கதையில் வருகிற ஜனங்களுக்கு நடக்கப்போவது தெரிந்திருக்கிறது. எங்கள் ஜனங்களுக்குத் தெரியாது.’

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். காக்கை இருந்தது. நாயும் இருந்தது. இரண்டையும் நான்தான் வளர்த்திருந்தேன்.

எனக்கு ஒரு சமாதானம் உண்டு. நான் கடல் பார்த்து வளர்ந்தவன் அல்ல. உத்திரமேரூருக்குப் பக்கத்துச் சாலவாக்கம் என் ஊர். கடற்கரை எங்களுக்கு வெகு தூரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் ஜனங்கள் கடலைப் பற்றி நினைப்பதில்லை. அவர்கள் நினைப்பதெல்லாம் ஏரியைப் பற்றித்தான். அது இன்று நேற்றைய பழக்கமும் அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூரில் பொறித்து வைத்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேர்தல் நடந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஆள் தேர்ந்தெடுத்த ஊர்கள் இவை. வங்காள விரிகுடாவில் புயல் என்று ரேடியோவில் சொன்னால் எங்கள் ஊரில் பெரியவர்கள் ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் கலங்கலைப் பற்றிப் பேசுவார்கள். இந்தத் தடவையாவது கலங்கல் போகுமா, நவரைக்குத் தண்ணீர் தாங்குமா என்பதுதான் பேச்சு. கூரை போனாலும் போகட்டும், ஏரி நிரம்பட்டும் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். புயல் என்பது எங்களுக்கு இரண்டு போகத்துக்குத் தண்ணீர்.

அப்படிப்பட்டவன் கடற்புயலை எழுதவேண்டும் என்று வந்தபோது என்ன செய்தேன்? புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தப் பெரியவரின் கடிதத்துக்குப் பிறகு, எடுத்த இடங்களை எல்லாம் மறுபடியும் தேடிப் படித்தேன். என் குற்றத்துக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்களா என்று பார்க்கிற ஆசைதான்.

கூட்டாளிகள் கிடைத்தார்கள். பெரிய மனிதர்களாகவும் இருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகம் புயலோடுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அது பிராஸ்பரோ தன் மந்திர சக்தியால் வரவழைத்த புயல். கப்பலில் இருந்தவர்களில் ஒருவருக்கும் தீங்கில்லை. யார் யாரைச் சந்திக்கவேண்டுமோ அவர்களைத் தீவில் கொண்டுவந்து சேர்ப்பதற்காக மட்டும் அது அடிக்கிறது. நம்முடைய மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் போகிற கப்பலைக் காற்று உடைக்கிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் தீவில் ஒதுங்குகிறான். கணிகை வீட்டில் பொருளைத் தொலைத்தவனை நல்லவனாகத் திருப்பி அனுப்புவதற்கு அந்தக் காற்று உதவுகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்துக்குப் பெயரே ‘சுழற்காற்று’. வந்தியத்தேவன் சிக்கிய மரக்கலத்தில் இடி விழுந்து பாய்மரம் பற்றி எரிகிறது. அருள்மொழிவர்மர் கடலில் இறங்கி அவனைக் காப்பாற்றுகிறார். இருவரையும் பூங்குழலி படகில் வந்து காப்பாற்றுகிறாள். படிக்கும்போது மூச்சு விட முடியாது. நான் பன்னிரண்டு வயதில் படித்தபோது விடவில்லை, இப்போதும் விடவில்லை. ஆனால் புத்தகத்தை மூடியபின் யோசித்தால், அந்தப் புயலும் பிராஸ்பரோவின் புயல்தான் என்று தெரிகிறது. மூன்று பேரை ஒரே படகில் ஏற்றவேண்டும் என்று ஆசிரியருக்கு இருந்தது. காற்றுக்கு உத்தரவு போயிற்று.

இதில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை. காவியத்துக்கும் வீர சாகசக் கதைக்கும் அது பொருந்தும். அங்கே கடல் ஒரு தெய்வம், அல்லது கதாநாயகனுக்குப் பரீட்சை. ஆனால் 1964-ஐ எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த வண்டியில் இருந்தவர்கள் என்று கணக்கில் வந்தது பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர். சீட்டு வாங்காமல் ஏறினவர்களையும் சேர்த்தால் தொகை இன்னும் கூடும் என்பார்கள். தனுஷ்கோடி ஸ்டேஷன் இன்னும் கொஞ்ச தூரம் என்கிற இடத்தில் அலை வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கைக்குக் கப்பல் பிடிக்கிற ஜனங்கள் போட் மெயிலில் வந்து இறங்கிய துறைமுகம், ஒரே இரவில் குடியிருக்க லாயக்கற்ற இடம் என்று அரசாங்கம் சொல்லும்படி ஆகிவிட்டது. இதற்கு ஆசிரியன் உத்தரவு போட முடியாது. போட்டால் அது அபசாரம்.

சரி, புயலைப் புயலாகவே எழுதினவர்கள் யார்? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைச் சொல்லாமல் தமிழில் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. 1972-ல் வெளிவந்த அந்த நாவலில் கடல் பொங்குகிற பக்கங்கள் ஓசையாலேயே எழுதப்பட்டவை. இரைந்து படித்தால் தோணி ஆடுவது தெரியும். ஆங்கிலத்தில் எல்லோரும் காட்டுவது ஜோஸப் கான்ராடின் ‘டைஃபூன்’. அதில் மக்வர் என்ற காப்டன் வருகிறார். கற்பனை என்பது மருந்துக்குக்கூட இல்லாதவர். பாரமானி இறங்குகிறது. புயலைச் சுற்றிக்கொண்டு போகலாமே என்று துணை அதிகாரி சொல்கிறான். சுற்றிப்போய், புயல் வரவே இல்லையென்றால் அத்தனை நிலக்கரிச் செலவுக்கு என்ன கணக்குச் சொல்வது என்று காப்டன் கேட்கிறார். எத்தனை நிஜமான கேள்வி! அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது இன்னொன்று. புயலின் முதல் பாதியைப் பக்கம் பக்கமாக எழுதிய கான்ராட், அதைவிடப் பயங்கரமான இரண்டாம் பாதி வரும்போது எழுதுவதை நிறுத்திவிடுகிறார். அடுத்த பக்கத்தில் கப்பல் சிதைந்து துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. பிறகு காப்டன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறாள். கடலையே தொழிலாகக் கொண்டிருந்தவர் கான்ராட். அவருக்கே புயலின் உச்சத்தை எழுதவேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. சாலவாக்கத்துக்காரனான நான் அதைப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தேன்.

என் விஷயத்துக்கு மிகவும் நெருங்கின புத்தகம் லஃப்காடியோ ஹெர்னுடைய ‘சீட்டா’. பின்னாளில் ஜப்பானுக்குப் போய் அந்த நாட்டுப் பிரஜையாகவே ஆகிவிட்ட ஹெர்ன், அதற்கு முன்னால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பத்திரிகைக்காரராக இருந்தார். அங்கே கேள்விப்பட்ட ஒரு சம்பவத்தை 1889-ல் சிறு நாவலாக வெளியிட்டார். மெக்ஸிகோ வளைகுடாவில் கடைசித் தீவு என்று ஒரு தீவு. கோடையில் பணக்காரக் குடும்பங்கள் காற்று வாங்க வருவார்கள். அவர்களுக்கு ஊழியம் செய்ய அடிமைகளும் வருவார்கள். 1856 ஆகஸ்ட் 10-ந் தேதி புயல் அந்தத் தீவை அழித்தது. ஹெர்னின் நடையில் நகைப்பெட்டியைக் கவிழ்த்தது போல அலங்காரம் அதிகம். கடலுக்கும் வானத்துக்கும் அவர் போடுகிற அடைமொழிகளைப் படித்து முடிக்க நமக்குப் பொறுமை வேண்டும். ஆனால் விருந்தினர் நடனமாடும் கூடத்துக்குக் கதை வரும்போது அவர் ஒரு காரியம் செய்கிறார். வாத்தியம் முழங்குகிறது, ஜோடிகள் சுற்றுகின்றன, திடீரென்று ஒரு பெண் கூச்சலிடுகிறாள். அவளுடைய அழகான செருப்பு நனைந்திருக்கிறது. அவ்வளவுதான். கடல் கூடத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்னால் எழுதிய அத்தனை அடைமொழியும் அந்த ஈரச் செருப்புக்குச் சமமாகாது என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் செருப்பு நனைகிறவரை அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததை ஹெர்ன் தெரியாததாகவே விட்டுவைத்தார்.

தங்கச்சிமடத்துப் பெரியவர் எனக்குச் சொன்னதும் இதையேதான்.

அவருக்குப் பதில் எழுதினேன். கடிதப் போக்குவரத்து வளர்ந்தது. ஒரு தடவை வந்து பாருங்கள் என்றார். 2020 நவம்பர் 25-ந் தேதி இரவு நிவர் புயல் மரக்காணத்துப் பக்கம் கரை ஏறியது. எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. மனசில் ஒரு நிறைவோடு புறப்பட்டு டிசம்பர் 1-ந் தேதி பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டினேன். அதற்குள் அடுத்த புயல் உருவாகியிருந்தது. புரெவி என்று பெயர். இலங்கையைக் கடந்து நேராக மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது என்றார்கள். திரும்பிப் போகிறீர்களா என்று விடுதி மானேஜர் கேட்டார். இல்லை என்றேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தீவில் குடியேறுவதில் ஒரு சுகம் இருக்கிறது. துண்டைக் கொடியில் போட்டேன். இரண்டு புத்தகங்களையும் நோட்டையும் மேஜைமேல் வைத்தேன். நாற்காலியை வராந்தாவில் கடலைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். அக்னி தீர்த்தத்துக் கடல் எங்கள் ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. மீன்பிடிக்கப் போகக்கூடாது என்று உத்தரவு. விசைப்படகுகள் ஒன்றோடொன்று இடிக்காதபடி கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தனுஷ்கோடிப் பக்கம் யாரையும் விடவில்லை. விடுதிப் பையன் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தான். மெழுகுவத்தி இரண்டு கொண்டுவந்து கொடுத்து, “தீப்பெட்டியைத் தலைமாட்டிலே வச்சுக்குங்க சார்” என்றான். நான் டீயைக் குடித்துக்கொண்டு மேகத்தின் நிறத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பெரியவர் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மடியிலிருந்த நோட்டையும் பார்த்தார்.

“வந்து உக்காந்துட்டீங்க போல, தம்பி” என்றார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. நோட்டை மூடிவிட்டேன். 1964-ஐப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் பேசவில்லை. மீன் கிடைக்காததைப் பற்றியும், சைக்கிள் டியூபைப் பற்றியும் பேசினார். வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் போய்ப் பேத்திக்குக் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கவேண்டும் என்றார்.

“புயல் வருதுங்கறாங்களே ஐயா?” என்றேன்.

“வந்தா சனிக்கிழமை போறது” என்றார்.

டிசம்பர் 3-ந் தேதி மழையும் காற்றும் இருந்தன. இரவு மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். ஜன்னல் கதவு அடித்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும், இதோ, இதோ என்று நினைத்தேன். விடிந்தது. புயல் கரைக்கு வரவில்லை. மன்னார் வளைகுடாவிலேயே, ராமநாதபுரம் கரைக்குச் சற்றுத் தள்ளி வலுவிழந்து நின்றுவிட்டது. அதன் மழையோ எங்கோ வடக்கே போய்க் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. சிதம்பரம் கோவிலுக்குள் தண்ணீர் நின்றது.

விடுதிப் பையன் டீ கொண்டுவந்தான். “தப்பிச்சோம் சார்” என்று சிரித்தான். அவன் முகத்தைப் பார்த்த போதுதான் என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஏமாந்து போயிருந்தேன். வராத புயலுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சிறிது நேரத்தில் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஏம்பா, அங்கே புயல் வந்துதா?” என்று கேட்டாள். வரவில்லை என்றதும், “நல்லதாப் போச்சு. இங்கே நல்ல மழை” என்றாள்.

அந்த ஏமாற்றத்தை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் புயல் கதைகளின் வியாதி அதுதான் என்று நினைக்கிறேன். நமக்குப் புயல் வேண்டியிருக்கிறது. அது வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் எழுதுகிற கதையில், எல்லா ஜனங்களும் அதை எதிர்பார்த்துக்கொண்டே நடமாடுகிறார்கள். காக்கை கரைகிறது, கண் துடிக்கிறது, கனவில் தண்ணீர் வருகிறது. எழுதுகிறவன் தன் நாற்காலியைப் பாத்திரங்களின் வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறான். ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது மேகத்தை அல்ல. சைக்கிள் டியூபை, சட்டையின் அளவை.

இப்போதெல்லாம் செயற்கைக்கோள் படம் எடுக்கிறது, புயலுக்குப் பெயர் வைத்துக் கைபேசியில் மணிக்கொரு தரம் சொல்கிறார்கள், இனிமேல் தெரியாமல் இருப்பவர் யார் என்று கேட்கலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்கு எச்சரிக்கை உரிய காலத்தில் எட்டவில்லை. கரையில் இருப்பவனுக்குத் தெரிந்தது கடலில் இருப்பவனுக்குத் தெரியவில்லை. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் கரை திரும்ப முடியாமல் கடலில் மிதக்கிற மூவரைப் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பெரிய புத்தகத்தில் மிகுதியான பக்கங்கள் அவர்கள் கரையில் வாழ்ந்த வாழ்க்கைக்குத்தான். கல்யாணம், சண்டை, கடன், பாகம் பிரிப்பது. மிதப்பவர்களின் கனம் அந்தப் பக்கங்களிலிருந்து வருகிறது. கடலை அறிந்தவர் விகிதாசாரத்தையும் அறிந்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்பி என் நாவலைத் திருத்தினேன். அடுத்த பதிப்பில் காக்கையும் நாயும் இல்லை. பதினெட்டுப் பக்கப் புயலை ஒன்றரைப் பக்கமாக்கினேன். மாமன் ரயில் ஏறத்தான் ஏறுகிறான். அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் இப்போது அவன் சாலவாக்கத்துக்காரனாக ஏறுகிறான். ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் இல்லை. நவரைக்கு விதைநெல் சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறான். பாம்பன் ஸ்டேஷனில் மழையில் நின்றுகொண்டு, இந்த மழை நம் பக்கம் பெய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், இன்னொரு புயல் வந்தால் ஏரி நிரம்பிவிடுமே என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறான். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, பையை மடிமேல் வைத்துக்கொள்கிறான்.

இதிலும் ஆசிரியனுடைய கை தெரிகிறதோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. புத்தகத்தைத் தங்கச்சிமடத்துக்கு அனுப்பிவைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்தத் தடவை கடிதம் ஒரு பக்கம்தான்.

‘படித்தேன் தம்பி. பரவாயில்லை. ஆனால் அவர் மடியில் இருந்த பையில் என்ன இருந்தது என்று எழுதவில்லையே’ என்று கேட்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.